அடையாளத்துக்குக் காவல்... ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கலாமா?

புரட்டாசியில் நல்ல மழை ஒன்று விழுந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கரிசல் காட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசி, குதிரைவாலி, மல்லி என்று விதைப்பு தொடங்கிவிடும். விதைப்போடு சேர்ந்து இன்னொரு வேலையும் தொடங்கும். அது ஜெராக்ஸ் எடுக்கும் வேலை.

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனுக்கு ஆதார் நகல். பொது சேவை மையத்தில் பயிர்க் காப்பீட்டுக்கு ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல். உரக்கடை மிஷினில் கட்டைவிரல். ரேஷன் கடையில் மறுபடியும் கட்டைவிரல். பி.எம். கிசான் பணத்துக்கு இ-கே.ஒய்.சி. விவசாயி தனித்துவ அடையாள எண்ணுக்கு ஆதாரும் கைபேசி எண்ணும். வீட்டுப் பெண்கள் குழுக் கடன் வாங்கினால் அதற்குத் தனியாக ஒரு கட்டு நகல். ஒரு வருடத்தில் ஒரு மானாவாரிக் குடும்பத்தின் ஆதார் எண் எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று எண்ணினால் பத்து விரல் போதாது.

இந்த நிலையில்தான் அந்த அழைப்பு வருகிறது. "உங்கள் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நாங்கள் கண்காணிக்கிறோம். யாராவது உங்கள் பெயரில் கடன் வாங்கினால் உடனே சொல்கிறோம். வருடத்துக்கு இவ்வளவுதான்." சில இடங்களில் ஏ.டி.எம். கார்டுக்கோ கடனுக்கோ கையெழுத்துப் போடும்போதே "இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். ஆயிரம் ரூபாய் என்பது பி.எம். கிசான் தவணை ஒன்றில் சரிபாதி.

கொடுக்கலாமா? பெரும்பாலான சிறு, குறு விவசாயிகளுக்குத் தேவையில்லை என்பதுதான் பதில். திருட்டே நடக்காது என்பதால் அல்ல. திருடன் வருகிற பாதை ஒன்று, இந்தச் சேவைகள் காவல் நிற்கிற பாதை வேறு. திருடன் வரும் பாதையில் போடக்கூடிய பூட்டுகளோ இலவசம்.

திருடன் எந்த வழியில் வருகிறான்?

முதல் வழி, கட்டைவிரல். வங்கிக்குப் போகாமலே ஊரிலேயே விரல் வைத்துப் பணம் எடுக்கிறோமே, அந்த ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவுக்கு ஓ.டி.பி. வேண்டாம், கார்டு வேண்டாம். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை இருந்தால் போதும். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். நூறு நாள் வேலைக் கூலி வாங்கும் பாட்டிக்கு இது பெரிய வசதி. ஆனால் ரேகையையே ஒருவன் நகல் எடுத்துவிட்டால்?

அது நடந்திருக்கிறது. 2018-ல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் கார்டு விற்பனையாளர், பத்திரப்பதிவு இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து விரல்ரேகைகளையும் ஆதார் எண்களையும் எடுத்து, ரப்பரில் ரேகை செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கியதாகக் கைதானார். 2023-ல் கர்நாடகத்தில், பத்திரம் பதிந்த சில நாட்களில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகப் பலர் காவல்துறைக்குப் போனார்கள். மிஷினில் வைப்பது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் புதிய சோதனையை ஆதார் ஆணையம் அதே ஆண்டு கொண்டுவந்தது. ஆபத்து குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

இரண்டாம் வழி, கைபேசி. 'பி.எம். கிசான்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலி பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு 2024-ல் எச்சரிக்கை கொடுத்தது. ஏ.பி.கே. என்று முடியும் அந்தக் கோப்பைத் தொட்டு நிறுவிவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யை நாம் படிக்கும் முன்பே அவன் படித்துவிடுவான்.

மூன்றாம் வழி, நம் நகலை வைத்து நம் பெயரில் கடனோ சிம்மோ வாங்குவது. குழுக் கடனுக்காகக் கொடுத்த தாள் இன்னொரு கடனுக்குப் போவதும், கைபேசிச் செயலியில் யாரோ நம் பான் எண்ணைப் போட்டுக் கடன் எடுப்பதும் இந்த வகை. விஷயம் தெரிய வருவது, விதைப்பு நேரத்தில் வங்கிக்குப் போய் "உங்கள் பெயரில் வாராக்கடன் இருக்கிறது" என்று கேட்கும்போதுதான். கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்க வேண்டும் என்ற பேச்சு 2025-ல் எழுந்தபோது விவசாயச் சங்கங்கள் கொதித்ததற்குக் காரணம் உண்டு. நாம் வாங்காத கடன் நம் விதைப்பை நிறுத்திவிடக் கூடாது.

நான்காம் வழியைத் தமிழ்நாடு 2020-ல் பார்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில், அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தித் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் சுமார் 110 கோடி ரூபாய் இப்படிப் போனதாக அரசு சொன்னது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. கொரோனா நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லித் தரகர்கள் தங்களிடம் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கியதாகக் கிராமத்து மக்கள் பலர் சொன்னார்கள். தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டு அதிகாரிகள் வந்தது, கணக்கு வைத்திருந்தவர் வீட்டுக்கு.

பணம் வாங்கும் காவலாள் என்ன செய்கிறார்?

இந்தச் சேவைகள் பெரும்பாலும் நான்கு வேலைகளைச் சொல்கின்றன. கடன் அறிக்கையைக் கண்காணிப்பது. திருட்டு விவரங்கள் விற்கப்படும் இணையச் சந்தைகளில் நம் எண் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏதாவது நடந்தால் குறுஞ்செய்தி அனுப்புவது. நடந்த பிறகு புகார் எழுத உதவுவது. சில திட்டங்களில் ஒரு தொகை வரை காப்பீடும் உண்டு.

இதை மேலே சொன்ன நான்கு வழிகளோடு பொருத்திப் பாருங்கள். கட்டைவிரலை வைத்து 10,000 ரூபாய் எடுத்தால் அது கடன் அறிக்கையில் வராது. ஓ.டி.பி. திருடிக் கணக்கைத் துடைத்தாலும் வராது. அரசுத் திட்டத்தில் நம் பெயரைச் செருகினாலும் வராது. மூன்றாவது வழியான கடனை மட்டும்தான் இவர்களால் பார்க்க முடியும். அதையும் கடன் பதிவான பிறகே சொல்வார்கள். களத்தில் மல்லி மூட்டைக்குக் காவல் போட்டால், காவல்காரர் களத்தில் படுக்க வேண்டும். காலையில் வந்து "ராத்திரி ரெண்டு மூட்டை போயிருச்சு" என்று சொல்ல ஒருவருக்குச் சம்பளம் எதற்கு?

நம் எண் வெளியே போயிருக்கிறது என்ற தகவலும் அப்படித்தான். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் செய்தி வந்தது. ஆதார் எண்ணை மாற்ற முடியாது. எண் வெளியே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கதவைப் பூட்டுவதுதான் வழி.

இந்த வியாபாரம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே லைஃப்லாக் என்ற நிறுவனத்தின் தலைவர், தன் சேவை மேல் உள்ள நம்பிக்கையைக் காட்டத் தன் சமூகப் பாதுகாப்பு எண்ணையே விளம்பரத்தில் போட்டார். அந்த எண்ணை வைத்து 13 முறை மோசடி நடந்ததாக 2010-ல் அங்குள்ள பத்திரிகை எழுதியது. சேவையால் தடுக்க முடியாததையெல்லாம் தடுப்பதாக விளம்பரம் செய்த வழக்கில் அந்த நிறுவனம் அதே ஆண்டு 1.2 கோடி டாலர் கட்டியது. அந்தத் தீர்வை மீறியதாக எழுந்த வழக்கில் 2015-ல் மேலும் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. புதுக் கடனே தர முடியாதபடி தன் கடன் அறிக்கையைப் பூட்டிவைக்கும் வசதியை 2018 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுச் சட்டம் எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டது. அங்கேயும் பலமான பூட்டு இலவசப் பூட்டுதான்.

காசில்லாமல் கிடைக்கும் பூட்டுகள்

கடன் அறிக்கை: இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2017-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக் கேட்டால் வருடம் முழுக்கக் கண்காணிப்பு ஆயிற்று. வங்கியோ நிதி நிறுவனமோ நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்த நிறுவனங்களே நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. தவறான கடன் பதிவைப் பற்றிப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. காசு கொடுத்து வாங்கச் சொல்லும் சேவையின் பெரும் பகுதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

விரல்ரேகைப் பூட்டு: ஆதார் இணையதளத்திலோ அதன் கைபேசிச் செயலியிலோ நம் ரேகையையும் கருவிழியையும் பூட்டிவைக்கலாம். பூட்டிவிட்டால் நகல் ரேகை மட்டுமல்ல, நம் சொந்த ரேகையும் வேலை செய்யாது. ரேஷன் கடைக்கோ உரக்கடைக்கோ போகும் அன்று தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். கைபேசி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது நல்ல வழி. இல்லாவிட்டால் ரேஷன் வரிசையில் நின்று அவதிப்பட நேரும்.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு வேறு இரண்டு வழி. விரல் வைத்துப் பணம் எடுக்கும் பழக்கமே இல்லாதவர்கள், அந்த வசதியைத் தன் கணக்கில் நிறுத்தச் சொல்லி வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். அந்த வசதி தேவைப்படுபவர்கள், அந்தக் கணக்கில் பெரிய தொகையை வைத்திருக்கக் கூடாது. பருத்திப் பணமோ காப்பீட்டு இழப்பீடோ வந்தால் கைச்செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை வைப்புத்தொகையாக மாற்றிவிடுங்கள். விரல் வைத்து எடுப்பது சேமிப்புக் கணக்கில் இருப்பதை மட்டும்தான்.

ஆதார் வரலாறு: கடந்த ஆறு மாதத்தில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். நாம் போகாத நாளில், போகாத வேலைக்கு விரல் பதிந்திருந்தால் 1947 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஆதாரோடு இப்போது கையில் இருக்கும் கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும். பழைய எண் தொலைந்திருந்தால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பதுதான்.

நகல்: முதல் எட்டு எண் மறைக்கப்பட்ட ஆதாரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழு எண் கட்டாயம் இல்லாத இடத்தில் அதைக் கொடுங்கள். எந்த நகல் கொடுத்தாலும், எண்ணையும் படத்தையும் மறைக்காமல், "பயிர்க் காப்பீட்டுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை வேறு கடனுக்குப் பயன்படுத்துவது கடினமாகும். பத்திரத்தில் கைரேகை உள்ள பக்கத்தை, கேட்டவருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சிம்: மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையது இல்லை" என்று பதியலாம். கைபேசி தொலைந்தால் அதை முடக்கவும் அதே தளம்.

நிலம்: புஞ்சைக்காரருக்குப் பெரிய சொத்து நிலம்தான். ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் போட்டுவிட்டால் எந்த அடையாளப் பாதுகாப்புச் சேவையும் குறுஞ்செய்தி அனுப்பாது. பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவையும் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வெளியூரில் இருப்பவர்களின் தரிசு நிலத்துக்கு இது மிகவும் அவசியம். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்ததும் பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பணம் போய்விட்டால்...

முதல் வேலை 1930. பக்கத்து வீட்டில் யோசனை கேட்பதற்கு முன், வங்கி திறக்கும் வரை காத்திருக்காமல், அந்த நிமிடமே அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் அது சேர்ந்த கணக்கை முடக்கினால்தான் மீட்க முடியும். வங்கியின் பெயர், தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, வங்கிக்கு எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே முக்கியம். தவறு நம்மிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு இழப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரைதான் நம் தலையில் விழும். அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டிருந்தால் மட்டும், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம். தகவல் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதி 2017 டிசம்பரில் வந்தது. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். விவரம் கேட்க 14448. காவல் புகாருக்கு விருதுநகரில் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் உண்டு.

யாருக்குப் பயன்படலாம்?

மண்டி நடத்துபவர், உர வியாபாரம் செய்பவர், தினமும் கைபேசியில் பெரிய தொகை அனுப்புபவர் போன்றவர்கள் தனிநபர் சைபர் காப்பீட்டைப் பற்றி யோசிக்கலாம். வெறும் கண்காணிப்புச் சேவையை விட, நஷ்டத்தை ஈடுகட்டும் பாலிசி அவர்களுக்கு ஏற்றது. வாங்கும் முன் கேட்க வேண்டியவை: ஓ.டி.பி. ஏமாந்து சொன்னாலும் பணம் உண்டா? விரல்ரேகை மோசடிக்கு உண்டா? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? முதல் தகவல் அறிக்கை கட்டாயமா? எவ்வளவு நஷ்டம் வரை நாமே ஏற்க வேண்டும்? பதிலை வாய்ப்பேச்சில் வாங்காமல் பாலிசித் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, 436 ரூபாயில் பிரதமர் ஆயுள் காப்பீடும் 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. இரண்டிலும் 2 லட்சம் ரூபாய் காப்பு. ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால், முதலில் வீட்டில் எல்லோருக்கும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

கேட்காமலே கணக்கில் 'கார்டு பாதுகாப்பு' என்று பணம் பிடித்திருக்கிறார்கள். என்ன செய்வது?
வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டு அந்த வரியைக் காட்டி, "நான் ஒப்புதல் கொடுத்த தாளைக் காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரக் கேளுங்கள். அடுத்த ஆண்டு தானாகப் பிடிக்கும் உத்தரவையும் சேர்த்தே நிறுத்தச் சொல்லுங்கள்.

விரல் வைத்துப் பணம் எடுக்கும்போது "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்கிறார்கள். நம்பலாமா?
பல நேரம் உண்மைதான். காட்டு வேலையில் ரேகை தேய்ந்திருக்கும். ஆனாலும் முதல் முயற்சி தோற்றதற்கான சீட்டையோ திரையையோ பார்த்த பிறகே மறுபடி விரல் வையுங்கள். வீடு திரும்பும் முன் குறுஞ்செய்தியைச் சரிபாருங்கள்.

அப்பாவுக்குப் பொத்தான் கைபேசிதான். அவருக்கு இதெல்லாம் எப்படி?
பூட்டுப் போட ஓ.டி.பி. வந்தால் போதும், அது பொத்தான் கைபேசியிலும் வரும். திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கலாம். "ஓ.டி.பி. சொல்லாதே" என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஊரிலிருந்து போன் செய்து "ஓ.டி.பி. சொல்லுங்கப்பா" என்று கேட்கக் கூடாது. அந்தப் பழக்கம்தான் திருடனுக்கு வாசல்.

அடையாளப் பாதுகாப்பு என்று அழைப்பவரே திருடனாக இருந்தால்?
இருக்கலாம். வாங்குகிறோமோ இல்லையோ, வந்த அழைப்பில் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். தேவை என்றால் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

மழை பெய்து காடு ஈரமாக இருக்கும் ஒரு நாள், ஏர் போகாது, களையும் எடுக்க முடியாது. அந்த ஒரு நாள் போதும். ஆதாரில் கைபேசி எண், ரேகைப் பூட்டு, சிம் பட்டியல், வில்லங்கம், ஒரு கடன் அறிக்கை. அதோடு வீட்டுச் சுவரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்: 1930.